ஊடக மையத்தில் பழைய ஆட்டமும் பல்லாங்குழியும்: கோடி மென்பொருளின் ஆட்ட அமைப்பு குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுத் தொலைக்காட்சியில் படமும் பாட்டும் ஒளிபரப்ப உருவான திறந்தமூல மென்பொருள் கோடி. 2019இல் வெளிவந்த அதன் 18ஆம் பதிப்பில் பழைய கணினி ஆட்டங்களை ஆடும் வசதியும், ஆட்டக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பயன்படுத்தும் வசதியும் சேர்க்கப்பட்டன. இவ்வசதி எவ்வாறு கட்டமைக்கப்பட்டுள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பின்னர், அக்கட்டமைப்பில் தமிழ் மரபு ஆட்டங்களான பல்லாங்குழி, ஆடுபுலி, தாயம் ஆகியவற்றுக்கு இடமுண்டா என்பதை ஆராய்கிறது. எழுத்துரு, விதி வேறுபாடு, கட்டுப்பாட்டுக் கருவி, உரிமை ஆகிய நான்கு நிலைகளில் எழும் சிக்கல்கள் விளக்கப்படுகின்றன. பல்லாங்குழியின் ஒரு விதியை மாற்றினால் ஆட்டத்தின் தன்மையே மாறுவதைக் கணக்கிட்டுக் காட்டி, எண்மமாக்கத்திற்கு முன் களஆய்வு இன்றியமையாதது என்பது நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கோடி, ரெட்ரோபிளேயர், லிப்ரெட்ரோ, போன்மி, பல்லாங்குழி, ஆடுபுலி, தாயம், தாமிரபரணி, எண்மப் பாதுகாப்பு

1. முன்னுரை

தமிழர் விளையாட்டுகள் குறித்த ஆய்வில் நெல்லைச் சீமைக்குத் தனி இடம் உண்டு. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த தேவநேயப் பாவாணர் 1954இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூலை வெளியிட்டார். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக விளங்கிய தொ. பரமசிவன், பாளையங்கோட்டையிலிருந்து எழுதிய பண்பாட்டுக் கட்டுரைகளுள் பல்லாங்குழியையும் ஆய்வுப் பொருளாக்கினார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இத்துறையை நிறுவன நிலையில் வளர்த்தது.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஆட்டத்தை எழுத்தில் விவரிப்பவை. ஆட்டமோ ஆடப்படும்போது மட்டுமே முழுமை பெறுவது. விவரிப்பு நூலில் நிலைக்கும்; ஆடும் பழக்கம் தலைமுறையோடு கழியும். இந்த இடைவெளியைக் கணினி எந்த அளவுக்கு நிரப்பும் என்ற வினாவுக்கு விடைதேட, உலக அளவில் பழைய ஆட்டங்களைக் காக்கப் பயன்படும் ஒரு மென்பொருள் அமைப்பை முதலில் அறிந்துகொள்வது தகும். அதற்கு எடுத்துக்காட்டாகக் கோடி இங்குக் கொள்ளப்படுகிறது.

தமிழகத்தில் இதற்கான கருவிச்சூழல் ஏற்கெனவே உருவாகியுள்ளது. 2006இல் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமும் திரையையும் கணினியையும் எளிய குடும்பங்களுக்குக் கொண்டுசென்றன. 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் சாதாரணத் தொலைக்காட்சியை ஊடக மையமாக மாற்ற வழிசெய்தன. கோடியை இயக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட லிப்ரெலெக் என்னும் இயங்குதளம் அத்தகைய சிறு கணினிகளில் இயங்குகிறது. ஆகவே இங்குக் குறையாக இருப்பது கருவி அன்று; அதில் ஏற்றுதற்குரிய தமிழ் உள்ளடக்கமே.

2. கோடி மென்பொருளின் வளர்ச்சி

கோடியின் தோற்றமே ஓர் ஆட்டக் கருவியோடு தொடர்புடையது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முதல் எக்ஸ்பாக்ஸ் ஆட்டக் கருவியில் திரைப்படமும் இசையும் இயக்குவதற்காகத் தன்னார்வலர்கள் 2002இல் எழுதத் தொடங்கிய நிரலே இதன் வேர். அது எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் எனப் பெயர் பெற்றுச் சுருக்கமாக எக்ஸ்.பி.எம்.சி. என வழங்கியது. பின்னர் லினக்ஸ், விண்டோஸ் முதலிய தளங்களுக்குப் பரவியபின் எக்ஸ்பாக்ஸ் என்னும் பெயர் பொருந்தாமற் போயிற்று. 2014இல் அது கோடி எனப் பெயர் மாற்றப்பட்டது. குனு பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியிடப்படுவதால் எவரும் அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

ஆட்டக் கருவியில் பிறந்த மென்பொருள் பிற தளங்களுக்குச் சென்றபோது ஆட்டத்தை விட்டுப் படமும் பாட்டுமாகவே வளர்ந்தது. இக்குறையைப் போக்கும் முயற்சி ரெட்ரோபிளேயர் என்னும் பெயரில் பல ஆண்டுகள் தனிக்கிளையாக நடந்தது. 2019 ஜனவரியில் லெயா எனப் பெயரிடப்பட்ட 18ஆம் பதிப்பில் அது முதன்மை மென்பொருளோடு இணைந்தது. திரைப்படத்தை நிறுத்தவும் பின்னோக்கி ஓட்டவும் இயல்வதுபோல ஆட்டத்தையும் நிறுத்தவும் பின்னோக்கி ஓட்டவும் இயலும் என்பது இதன் சிறப்பு.

3. கட்டமைப்பின் நான்கு அடுக்குகள்

ஒரு கருவியின் இயக்கத்தை மற்றொரு கணினியில் அப்படியே நிகழ்த்தும் நிரலை இக்கட்டுரை ‘போன்மி’ எனக் குறிக்கிறது. பழைய ஆட்டக் கருவியின் செயலகம், ஒலிச்சில்லு, திரைச்சில்லு ஆகியவற்றின் செயல்களைப் போன்மி மென்பொருளால் போலச்செய்கிறது. அதனால் அக்கருவிக்கென எழுதப்பட்ட ஆட்டம் மாற்றமின்றி இயங்குகிறது.

ஒவ்வொரு பழைய கருவிக்கும் தனித்தனிப் போன்மிகள் உண்டு. அவை ஒவ்வொன்றும் தனக்கெனத் திரை, ஒலி, பொத்தான் அமைப்புகளைக் கொண்டிருந்தால் ஊடக மையத்தில் அவற்றை ஒருங்கே சேர்க்க இயலாது. இச்சிக்கலைத் தீர்க்க உருவானதே லிப்ரெட்ரோ என்னும் பொது இடைமுகம். இதன்படி போன்மியின் உட்பகுதி மட்டும் ‘கருநிரல்’ எனப் பிரித்தெடுக்கப்படும். கருநிரல் திரையை நேரடியாகத் தொடாது, ஒலிபெருக்கியையும் தொடாது. ஒரு படச்சட்டத்திற்குரிய வேலையைச் செய்யுமாறு புறநிரல் கேட்கும்போது, பொத்தான்களின் நிலையைக் கேட்டறிந்து, உருவான படத்தையும் ஒலியையும் புறநிரலிடம் ஒப்படைக்கும். நொடிக்கு ஏறத்தாழ 60 முறை இச்சுழற்சி நிகழும்.

கோடியில் இதனை நான்கு அடுக்குகளாகக் காணலாம். முதலாவது, ஆட்டத்தின் விதியைத் தாங்கும் கருநிரல். இரண்டாவது, லிப்ரெட்ரோ மொழியைக் கோடியின் மொழிக்குப் பெயர்க்கும் இடைநிலைக் கூட்டுநிரல். மூன்றாவது, பொத்தான்களையும் கைப்பிடிகளையும் அடையாளங்காணும் கட்டுப்பாட்டுக் கருவி அடுக்கு. நான்காவது, பட்டியலும் எழுத்தும் தோன்றும் திரை அடுக்கு.

தமிழாய்வாளர் கருதவேண்டியது இப்பகுப்பின் பயனையே. கருநிரல் என்பது பழைய கருவியின் போன்மியாக இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தானே ஓர் ஆட்டமாக எழுதப்பட்ட கருநிரலும் இந்த அமைப்பில் இயங்கும். எனவே பல்லாங்குழியின் விதிகளை ஒருமுறை கருநிரலாக எழுதினால் போதும்; திரை, ஒலி, பொத்தான், நிலைச்சேமிப்பு ஆகியவை புறநிரலிடமிருந்து கிடைத்துவிடும்.

4. கட்டுப்பாட்டுக் கருவி அடுக்கு

1990களில் தமிழகத்து வீடுகளில் ‘டிவி கேம்’, ‘வீடியோ கேம்’ எனப்பட்டவை பெரும்பாலும் 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டென்டோ ஃபேமிகாம் கருவியின் உரிமமற்ற படிகளே. ஆட்டம் அடங்கிய செருகுபெட்டி ‘கேசட்’ என்றும், கைக்கருவி ‘ஜாய்ஸ்டிக்’ என்றும் வழங்கின. உண்மையில் அக்கைக்கருவியில் குச்சி எதுவும் இல்லை. நான்கு திசைப் பொத்தான்களும் வேறு நான்கு பொத்தான்களுமாக 8 பொத்தான்களே இருந்தன. சொல்லும் பொருளும் பொருந்தாவிடினும் வழக்கு நிலைபெற்றுவிட்டது.

சந்தையில் இன்று கிடைக்கும் கருவிகள் பொத்தான் எண்ணிக்கையிலும் அமைப்பிலும் வேறுபடுகின்றன. ஒரு கருவியின் மூன்றாம் பொத்தான் மற்றொன்றில் ஏழாம் பொத்தானாக இருக்கலாம். லிப்ரெட்ரோ இதற்கென 16 பொத்தான்கள் கொண்ட கற்பனைக் கருவி ஒன்றை வகுத்துள்ளது. எல்லாக் கருநிரல்களும் அக்கற்பனைக் கருவியையே அறியும்.

கோடி மேலும் ஒரு படி சென்றுள்ளது. அதில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரு தனிக் கூட்டுநிரலாக விவரிக்கப்படுகிறது. கருவியின் படம், அதன் உறுப்புகளின் பட்டியல், ஒவ்வோர் உறுப்பின் வகை ஆகியவை அதில் இடம்பெறும். அழுத்துபொத்தான், சாய்க்கும் கைப்பிடி, அதிர்வுப் பொறி, அசைவை உணரும் உறுப்பு எனப் பல வகைகள் உண்டு. பயனர் தம் கையிலுள்ள கருவியை இணைத்ததும், திரையில் ஒளிரும் உறுப்புக்கு உரிய பொத்தானை அழுத்துமாறு மென்பொருள் ஒவ்வொன்றாகக் கேட்கும். அவ்விணைப்பு எக்ஸ்.எம்.எல். கோப்பாகச் சேமிக்கப்படும். ஒருவர் செய்த இணைப்பைத் தொகுப்பில் சேர்த்தால் அதே கருவியை வைத்திருக்கும் பிறருக்கு அவ்வேலை மிச்சம்.

இதன் விளைவு குறிப்பிடத்தக்கது. கட்டுப்பாட்டுக் கருவி என்பது நிரலுக்குள் புதைந்த ஒன்றாக இல்லாமல், வெளியிலிருந்து விவரிக்கத்தக்க பொருளாகிறது. ஆகவே இதுவரை எவரும் கருதாத ஒரு கருவியையும் புதிதாக விவரித்துச் சேர்க்கலாம். பல்லாங்குழிப் பலகையில் 14 குழிகள் உள்ளன. கற்பனைக் கருவியின் 16 பொத்தான்களுள் 14ஐக் குழிகளுக்கு ஒதுக்கினாலும், புதிய ஆட்டத்திற்கும் பட்டியலுக்கும் என இரண்டு எஞ்சும். குழி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தொடுபொத்தான் பொருத்தி, யு.எஸ்.பி. ஆட்டக்கருவியாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும் சிறு நுண்கட்டுப்படுத்தியோடு இணைத்தால் மரப்பலகையே கட்டுப்பாட்டுக் கருவியாகிவிடும். அம்பாசமுத்திரத்து மரக் கடைசல் கைவினை இன்றும் வழக்கில் இருக்கும் ஆற்றங்கரையில் இது செய்யக்கூடாத வேலை அன்று.

5. எழுத்துருச் சிக்கல்

பழைய ஆட்டக் கருவிகளில் தமிழ் எழுத்தே தோன்றாமற் போனதற்கு வணிகக் காரணத்தோடு வடிவக் காரணமும் உண்டு. ஃபேமிகாம் திரை 256க்கு 240 புள்ளிகள் கொண்டது. அத்திரை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட ஓடுகளால் நிரப்பப்படும். ஓர் ஓட்டு அட்டவணையில் 256 ஓடுகள் அடங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, எண் 10 என 36 ஓடுகளில் ஆங்கில எழுத்துத்தேவை முடிந்துவிடும். எஞ்சியவை படத்திற்கு உரியவை.

தமிழுக்கு 8 புள்ளி அகலம் போதாது. ணூ, ஞௌ போன்றவற்றை அவ்வளவில் வாசிக்கத்தக்கவாறு வரைய இயலாது. ஓர் எழுத்துக்கு நான்கு ஓடுகள் எனக் கொண்டால் 247 எழுத்துக்கு 988 ஓடுகள் வேண்டும். உயிர்மெய்யை உறுப்புகளாகப் பிரித்தால் எண்ணிக்கை குறையும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அமைத்து உயிர் 11, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, உகர ஊகார உயிர்மெய் 36, தனித்து நிற்கும் குறியீடுகள் 6, டி டீ ஆகிய சிறப்பு வடிவங்கள் 2 என மொத்தம் 92 வடிவங்கள் தேவைப்படும். அவற்றுக்கும் 368 ஓடுகள் வேண்டும். இது ஓர் அட்டவணையின் கொள்ளளவைக் கடந்தது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் தனிவடிவங்களை நீக்கிய பின்னும் நிலை இதுவே.

இன்றைய ஊடக மையத்தில் சிக்கல் வேறு வகையானது. ஒருங்குறியில் ‘திருநெல்வேலி’ என்னும் பெயர் எழுத்தெண்ணிக்கையில் 6, குறியெண்ணிக்கையில் 12. நெ என்பதில் நகரம் முன்னும் எகரக் குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையில் எகரக் குறி முன்னே தோன்ற வேண்டும். சேமிப்பு வரிசையைக் காட்சி வரிசையாக மாற்றும் எழுத்துக்கோப்பு நிரல் புறநிரலில் இல்லையேல் கொம்பு பிறழ்ந்து ஊர்ப்பெயரே சிதையும். மொழிபெயர்ப்பு செம்மையாக இருந்தும் தமிழ்ப் பட்டியல் பயன்படாமற் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கோடியின் சொற்கள் நிரலுக்கு வெளியே தனி மொழிக்கோப்பாக உள்ளன; தமிழுக்கும் அத்தகைய மொழித்தொகுப்பு உண்டு. எனவே பசு, தாயம், வெட்டு போன்ற ஆட்டச் சொற்களை வட்டார வழக்கோடு இத்தகைய கோப்பில் பதியலாம். ஆட்டச்சொல் அகராதியும் மென்பொருளின் மொழிக்கோப்பும் ஒன்றாகவே அமையும் வாய்ப்பு இது.

6. பல்லாங்குழி: விதியும் விளைவும்

பல்லாங்குழி இரு வரிசையில் ஏழேழு குழிகள் கொண்டது. புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி ஆகியவை காய்களாகும். குழிக்கு ஐந்து காய் இட்டால் மொத்தம் 70. ஆறு இட்டால் 84. ஆடுபவர் தம் பக்கக் குழி ஒன்றின் காய்களை எடுத்து அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இடுவார். கைக்காய் முடிந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வார். அடுத்த குழி வெறுமையானால் அதற்கடுத்த குழியின் காய்கள் அவருக்குரியவை. ஆட்டத்தின் இடையே ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு எனப்பட்டு அக்குழிக்குரியவரைச் சேரும்.

இவ்விதிகளைக் கருநிரலாக எழுதப் புகும்போது, வாய்மொழியில் கவனத்திற்கு வராத ஒரு செய்தி வெளிப்படுகிறது. குழிக்கு ஐந்து காய் உள்ள தொடக்க நிலையைக் கொள்வோம். தொடங்கும் குழியை 1 என எண்ணி, இடும் திசையில் 14 வரை எண்ணுவோம். 1ஆம் குழிக் காய்கள் 2 முதல் 6 வரை விழும். அடுத்து 7ஆம் குழியை அள்ளினால் 8 முதல் 12 வரை விழும். அடுத்து 13ஆம் குழிக் காய்கள் 14, 1, 2, 3, 4 ஆகியவற்றில் விழும். அடுத்து 5ஆம் குழியின் ஆறு காய்கள் 6 முதல் 11 வரை விழும். அடுத்து 12ஆம் குழியின் ஆறு காய்கள் 13, 14, 1, 2, 3, 4 ஆகியவற்றில் விழும். இப்போது 5ஆம் குழி வெறுமை. 6ஆம் குழியிலுள்ள 7 காய்கள் ஆடியவருக்கு உரியவை. ஐந்து முறை அள்ளி 27 காய்கள் இடப்பட்டன. இடையே பசு எதுவும் விளையவில்லை.

எல்லாக் குழியிலும் காய் சமமாக இருப்பதால் ஏழு குழிகளுள் எதிலிருந்து தொடங்கினாலும் கிடைப்பது இந்த 7 காய்களே. அதாவது முதல் நகர்வில் தேர்வு என்பதே இல்லை. குழிக்கு ஆறு காய் இடும் வழக்கிலும், இரண்டு முறை அள்ளியதும் ஆட்டம் நின்று அதே 7 காய்கள் கிடைக்கும்.

வெறுங்குழிக்கு அடுத்த குழியோடு அதன் நேரெதிர்க் குழியையும் சேர்த்தெடுக்கும் வழக்கும் தமிழகத்தில் உண்டு. ஐந்து காய் ஆட்டத்தில் இவ்விதியைச் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. தம் பக்கத்தின் முதற்குழியிலிருந்து தொடங்கினால் 14, இரண்டாவதிலிருந்து 8, மூன்றாவதிலிருந்து 7, நான்காவதிலிருந்து 15, ஐந்தாவதிலிருந்து 9, ஆறாவதிலிருந்து 8, ஏழாவதிலிருந்து 14 காய்கள் கிடைக்கும். நடுக்குழியிலிருந்து தொடங்குபவர், மூன்றாம் குழியிலிருந்து தொடங்குபவரைவிட இரு மடங்குக்கு மேல் பெறுகிறார். ஒரே ஒரு விதி, தேர்வற்ற தொடக்கத்தைத் தேர்ந்த தொடக்கமாக்கிவிடுகிறது.

இக்கணக்கு வெறும் கணிதச் சுவைக்காக இங்குத் தரப்படவில்லை. பல்லாங்குழியில் சமமாகத் தொடங்கும் செல்வம் ஒருவரிடம் குவிவதையும் மற்றவர் இழந்து வறுமையுறுவதையும் தொ. பரமசிவன் தனிச்சொத்துரிமையின் தோற்றத்தோடு இணைத்து விளக்கினார். அக்குவிதல் ஆடுபவர் திறத்தால் நிகழ்கிறதா, ஆட்ட அமைப்பால் நிகழ்கிறதா என்பது அவ்விளக்கத்தோடு நெருங்கிய வினா. அவ்வினாவுக்கு விடை ஊருக்கு ஊர் வேறுபடும் விதியில் அடங்கியுள்ளது. நிரலர் தமக்குத் தெரிந்த ஒரே விதியைக் கருநிரலில் பதித்துவிட்டால், பிற ஊர் வழக்குகள் ‘தவறான ஆட்டம்’ என்னும் நிலைக்குத் தள்ளப்படும். அச்சு வந்தபோது சுவடிப் பாடவேறுபாடுகளுக்கு நேர்ந்தது ஆட்டங்களுக்கும் நேரும்.

இதற்கு வழி அமைப்பிலேயே உள்ளது. லிப்ரெட்ரோ கருநிரல்கள் தம் தெரிவுகளைப் புறநிரலுக்கு அறிவிக்கலாம். காய் எண்ணிக்கை, எதிர்க்குழி விதி, பசு விதி, தோற்றவர் குழிகளை அடைக்கும் முறை ஆகியவற்றைத் தெரிவுகளாக்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் அவ்வழக்கு பதிவான ஊரின் பெயரை இடலாம். சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காட்டும் நெறி இங்குப் பொருந்தும்.

7. ஆடுபுலியும் தாயமும்

ஆடுபுலி ஆட்டம் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்டது. களத்தில் உச்சியில் 1, நடுவில் மூன்று கிடைக்கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4 என 23 சந்திகள் உள்ளன. உச்சியிலிருந்து நான்கு கோடுகள் பிரிகின்றன, நான்கும் கீழ்நோக்கியவை. நான்கு திசைப் பொத்தான் கொண்ட கருவியில் ‘கீழ்’ என்பதை அழுத்தினால் நான்கில் எது என்பது தெளிவாகாது. கட்டங்களுக்கென உருவான கருவி கோணக் களத்திற்குப் பொருந்தாத இடம் இது. சாய்க்கும் கைப்பிடியின் கோணத்தைக் கொண்டு கோட்டைத் தேர்தல், அல்லது ஒரு பொத்தானால் இயலும் நகர்வுகளை ஒவ்வொன்றாக ஒளிரச்செய்தல் ஆகிய இரண்டும் ஏற்ற தீர்வுகள். இரண்டாவது முறை குச்சியில்லாத மலிவுக் கருவிக்கும் பொருந்தும்.

தாயத்தில் சிக்கல் வாய்ப்பைப் பற்றியது. 0, 1, 2, 3 என முகம் கொண்ட இரு நீள்பகடைகளை உருட்டினால் 16 விளைவுகள் உண்டு. அவற்றுள் தாயம் விழுவது 2, இரண்டு, நான்கு ஆகியவை மும்மூன்று, மூன்று 4, ஐந்து 2, ஆறு 1, இரு பகடையும் வெறுமையாக விழும் பன்னிரண்டு 1. எட்டு உருட்டலுக்கு ஒருமுறையே தாயம் எதிர்பார்க்கத்தக்கது. ரெட்ரோபிளேயரில் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு என முன்னர்க் கண்டோம். விழுந்த எண் பிடிக்காதவர் பின்னோக்கி ஓட்டி மீண்டும் உருட்டினால் பகடையின் அறமே கெடும். எனவே அடுத்து விழவேண்டிய எண்ணை உருவாக்கும் வித்தெண்ணையும் நிலைச்சேமிப்பில் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் எத்தனை முறை பின்சென்றாலும் விழுந்த எண்ணே விழும்.

8. உரிமை

பழைய கணினி ஆட்டங்களைக் காப்பதில் பெருந்தடை உரிமைச் சட்டமே. அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விற்பனையில் இல்லாமை உரிமையின்மை ஆகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, கணினி நிரலின் படியை முறைப்படி வைத்திருப்பவர் காப்புப்படி எடுப்பதற்கும், சொந்தமாகப் பெற்ற படியிலிருந்து வணிகமல்லாத தனிப்பயன்பாட்டுக்குப் படி எடுப்பதற்கும் இடமளிக்கிறது. பிறருக்குப் பரப்ப அது இடமளிக்கவில்லை. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65அ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையும் குற்றமாக்கியது. கோடி தன்னோடு வணிக ஆட்டக் கோப்புகளைத் தருவதில்லை. போன்மியும் ஆட்டமும் சட்டத்தின் முன் வேறுவேறு.

மரபு ஆட்டங்களுக்கு இத்தடை இல்லை. பல்லாங்குழியின் விதி எவருக்கும் தனியுரிமை அன்று. ஆனால் அதற்கென வரையும் படமும் எழுதும் நிரலும் உரிமைக்கு உட்பட்டவை. பொதுச்சொத்தான ஆட்டம் தனியாரின் மூடிய நிரலில் மட்டுமே எஞ்சும் நிலை வராமல் காக்க, பல்கலைக்கழகங்கள் உருவாக்கும் கருநிரல்கள் திறந்த உரிமத்தில் வெளியாதல் வேண்டும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2018 முதல் 2023 வரை நடந்த எண்ம லுடீம் திட்டம், உலகின் ஏறத்தாழ ஆயிரம் மரபு ஆட்டங்களைக் கணினி மொழியில் பதிவதைக் குறிக்கோளாகக் கொண்டு, தன் தரவைத் திறந்த நிலையில் வழங்கியது. தமிழ் ஆட்டங்களுக்கும் அது முன்மாதிரியாகும்.

9. செய்யத்தக்கன

முதலாவது, களஆய்வு. பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என ஆற்றின் ஒழுக்கில் அமைந்த ஊர்களில் ஒவ்வோர் ஆட்டத்தின் விதி வேறுபாட்டையும் சொல்வழக்கையும் தனித்தனியே பதிதல் வேண்டும். ‘எப்படி ஆடுவீர்கள்’ என்னும் பொதுவினா போதாது. நிரலுக்குத் தேவையான நுண்வினாக்களை முன்கூட்டியே வகுத்தல் வேண்டும்: கடைசிக் காய் விழுந்த குழியை அள்ளுவதா, அடுத்த குழியை அள்ளுவதா? எதிர்க்குழி சேருமா? காயை எடுத்தபின் ஆட்டம் தொடருமா? நிரல் எழுதும் நோக்கம் களஆய்வு வினாநிரலைக் கூர்மையாக்குகிறது என்பதே இம்முயற்சியால் தமிழாய்வுக்குக் கிடைக்கும் உடனடிப் பயன்.

இரண்டாவது, துறைகளுக்கிடையிலான கூட்டுழைப்பு. தமிழ்த்துறை விதியையும் சொல்லையும், கணினித்துறை கருநிரலையும், கைவினைஞர் பலகையையும் தரலாம். மூன்றாவது, கலைச்சொல். இக்கட்டுரையில் எடுத்தாளப்பட்ட போன்மி, கருநிரல், கூட்டுநிரல், நிலைச்சேமிப்பு ஆகிய சொற்கள் மொழிக்கோப்பில் இடம்பெறும்போதே அவற்றின் பொருத்தம் சோதிக்கப்படும்.

10. முடிவுரை

கோடி மென்பொருளில் ஆட்ட வசதி சேர்ந்த வரலாறு, விதி, கருவி, திரை, சொல் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காகப் பிரித்ததன் பயனைக் காட்டுகிறது. அப்பகுப்பு காரணமாகவே அதன் ஆக்கியோர் நினையாத பல்லாங்குழிக்கும் அதில் இடமுண்டு. பலகையின் 14 குழிகள் கருவியின் பொத்தான்களில் அடங்குகின்றன. ஊர்வழக்குகள் தெரிவுகளில் அடங்குகின்றன. ஆட்டச்சொற்கள் மொழிக்கோப்பில் அடங்குகின்றன. ஆயினும் எந்த விதியைப் பதிவது என்பதை மென்பொருள் சொல்லாது. எதிர்க்குழி விதி ஒன்றே முதல் நகர்வின் பயனை 7 என்னும் நிலையிலிருந்து 15 வரை மாற்றுவதைக் கண்டோம். விதியை அறிந்தவர் முதியோர். அவர்களிடமிருந்து அதனைக் கேட்டுப் பதிவது காலத்தோடு செய்யவேண்டிய பணி. நிரலை எப்போது வேண்டுமாயினும் திருத்தலாம்; கேட்காமல் விட்ட வழக்கைத் திருத்த வழியில்லை.